தரையில்லாத ஆட்டம்: வாட்டர் போலோ உடம்பிடம் கேட்பது

நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரிடம் ஒரு வேலை சொல்லிப் பாருங்கள். கால் எட்டாத ஆழத்தில், இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்கச் சொல்லுங்கள் (பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்). கிணற்றிலும் குளத்திலும் பழகியவர்களுக்கு நிலைநீச்சல் தெரியும். ஆனால் அதில் கைகளும் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டே இருக்கும். பாதிப் பாரத்தை அவைதான் சுமக்கும். கைகளை வெளியே எடுத்ததும் தண்ணீர் வாய் வரை ஏறிவிடும், அரை நிமிடத்தில் தொடை கடுக்கத் தொடங்கும். வாட்டர் போலோ ஆடுபவர்கள் பந்தைப் பிடிப்பது, எறிவது, எதிராளியை மறிப்பது எல்லாமே இந்த நிலையில்தான். அதுவும், தொண்ணூறு நூறு கிலோ எடையுள்ள ஒருவர் பின்னாலிருந்து தோளை அழுத்திக்கொண்டிருக்கும்போது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு 7 பேர். குளம் குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும், பெரிய போட்டிகளில் 2 மீட்டர். அடியில் கால் ஊன்றி ஆடக் கூடாது, ஓரத்தைப் பிடித்து இளைப்பாறக் கூடாது. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் தொடக் கூடாது. 8 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இந்த 32 நிமிடம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகும். கோல் வாய் 3 மீட்டர் அகலம், தண்ணீர் மட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம். இவ்வளவு தெரிந்தால் ஆட்டத்தைப் பார்க்கப் போதும். ஆனால் அது ஏன் இவ்வளவு கடினம் என்பது இந்த எண்களில் பாதிதான் தெரியும்.

மற்ற எல்லா ஆட்டங்களிலும் தரை செய்யும் வேலையை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஓங்கி ஊன்றுகிறார், தரை அந்த விசையைத் திருப்பித் தருகிறது, அது இடுப்பு வழியாக ஏறித் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. கபடியில் பாடிப் போகிறவர் சட்டென்று திரும்புவதும் வாலிபாலில் எம்பி அடிப்பதும் தரையை உதைத்துத்தான். ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்பதுகூடத் தரை தரும் சலுகைதான், நிற்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாட்டர் போலோவில் அந்தத் தரையை ஆட்டக்காரர் ஒவ்வொரு நொடியும் தன் கால்களால் உண்டாக்க வேண்டும். காலை நிறுத்தினால் முங்க வேண்டியதுதான். இந்த ஆட்டத்தின் மற்றக் கஷ்டங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் கருத்து.

அந்தத் தரையை உண்டாக்கும் உதைக்கு எக்பீட்டர் என்று பெயர். முட்டை அடிக்கும் கைக்கருவியில் இரண்டு கம்பிச் சுருள்கள் எதிரெதிராகச் சுற்றுமே, கால்களும் அப்படித்தான் சுற்றுகின்றன. நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் இடுப்பை வைத்து, தொடைகளை அகற்றி, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை வெளிப்பக்கமாகச் சுழற்றிக் கொண்டுவந்து, பாதத்தை மடக்கி உள்ளங்காலால் தண்ணீரைக் கீழே தள்ள வேண்டும். இடது கால் தள்ளி முடிக்கும் முன்பே வலது கால் தள்ள ஆரம்பித்துவிடும். தவளை நீச்சலில் இரண்டு கால்களும் ஒன்றாக உதைப்பதால் உடம்பு எழுந்து எழுந்து அடங்கும். எக்பீட்டரில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை, உடம்பு ஒரே மட்டத்தில் நிற்கும். குறி பார்த்து எறிகிறவருக்கும் பந்தை மறிக்கிறவருக்கும் தேவைப்படுவது அந்த ஆடாத நிலைதான். நன்றாக ஆடுபவரைக் கரையிலிருந்து பார்த்தால், கீழே ஏதோ திட்டின் மேல் நின்றுகொண்டிருக்கிறார் என்றே தோன்றும்.

அந்தக் கால்கள் எவ்வளவு சுமக்கின்றன? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனித உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான். அதனால் முழுக்க மூழ்கியிருக்கும்வரை உடம்பைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கு வெளியே வரும் ஒவ்வொரு லிட்டர் உடம்புக்கும் ஏறக்குறைய ஒரு கிலோவைக் கால்கள் சுமக்க வேண்டும். தலை மட்டுமே 4–5 கிலோ. 90 கிலோ எடையுள்ளவர் ஒரு கையை முழுதாக உயர்த்தினால் இன்னொரு 4–5 கிலோ. இரண்டு கைகளும் உயர்ந்து தோளும் வெளியே வந்துவிட்டால் 15 கிலோவைத் தாண்டிவிடும். அந்த 15 கிலோவைச் சுமந்துகொண்டு அவர் நகர வேண்டும், திரும்ப வேண்டும், எதிராளி தள்ளினால் திருப்பித் தள்ள வேண்டும். இடையில் இளைப்பாற வழியில்லை. மாற்று ஆட்டக்காரர் உள்ளே வரும்வரை அந்தக் கால் ஓயாது.

கோல்கீப்பரின் கணக்கு இதைவிடக் கடுமை. மேல்மூலைக்கு வரும் பந்தைத் தடுக்க அவர் இடுப்பு வரை தண்ணீரைவிட்டு எம்புவார். இடுப்புக்கு மேலே இருப்பது உடம்பின் பாதிக்கும் அதிகமான எடை. 90 கிலோ ஆளுக்கு 45 கிலோவுக்கு மேல். அதை ஒரு கணம் ஆகாயத்தில் நிறுத்த, தவளை உதை ஒன்றை முழு வலுவோடு கீழே இறக்கி, கைகளாலும் தண்ணீரை அழுத்தி எழ வேண்டும். விழுந்த உடனே அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தயாராக வேண்டும், ஏனென்றால் தடுத்த பந்து எதிரணியின் கைக்கே திரும்பிப் போகலாம். தரையில் நிற்கும் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தால் எழுந்து நிற்க ஒரு நொடி போதும். இவருக்குப் பாய்ந்த இடத்திலிருந்து திரும்பி வருவதே ஒரு நீச்சல்.

பெனால்டி எறிவது 5 மீட்டர் தூரத்திலிருந்து. ஆண்கள் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் எறியும் பந்து மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர், 5 மீட்டரைக் கடக்கக் கால் நொடி. கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையத் தொடங்கவே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு நொடி போய்விடுகிறது. ஆகவே பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகு எம்பினால் வேலைக்கு ஆகாது. எறிபவரின் தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, இடுப்பு எங்கே திரும்புகிறது, முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் படித்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். எறிபவரும் சும்மா இருப்பதில்லை. பெனால்டி அல்லாத சாதாரண ஆட்டத்தில், எறியப்போவதுபோல் கையை ஒரு தடவை, இரண்டு தடவை பாய்ச்சி நிறுத்துவார். ஒவ்வொரு பொய்வீச்சுக்கும் கோல்கீப்பர் எழுந்து எழுந்து களைத்து, உடம்பு கீழே இறங்கும் அந்தக் கணத்தில் உண்மையான ஷாட் வரும்.

எறியும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் விஷயம் எளிதல்ல. பந்து 400 முதல் 450 கிராம் வரை எடையுள்ளது, ஆண்கள் பந்தின் சுற்றளவு 68–71 சென்டிமீட்டர். அதை ஈரக் கையால், ஒரே கையால் பிடிக்க வேண்டும். மேலேயிருந்து கவ்வ முடியாதபோது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குவார்கள். ஊன்றிக்கொள்ளத் தரை இல்லாததால் உடம்பைத் திருகும் விசையைக் கால்களும் வயிற்றுத் தசையும் சேர்ந்து தண்ணீரிலிருந்தே பிடுங்க வேண்டும். எறிவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் கால்கள் ஓங்கி உதைத்து உடம்பை மார்புக்குக் கீழே வரை உயர்த்தும், எறியாத கை தண்ணீரைத் துழாவிச் சமநிலை பார்க்கும், வலக்கை எறிபவரின் இடது தோள் கோலை நோக்கி இருக்கும். கால் தளர்ந்தால் உடம்பு ஒரு சாண் இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு வலுவான தோளாக இருந்தாலும் பந்து மறிப்பவரின் கையிலேயே போய் விழும்.

கால்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒலிவேர் ஹலாஷியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹங்கேரிக்காரர். சிறுவயதில் டிராம் விபத்தில் சிக்கி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1932 லாஸ் ஏஞ்சலஸிலும் 1936 பெர்லினிலும் தங்கம் வென்ற ஹங்கேரி அணிகளில் அவர் ஆடினார். 1931 ஐரோப்பிய நீச்சல் போட்டியில் 1500 மீட்டரில் தங்கமும் அவருக்குத்தான். இரண்டு உள்ளங்கால்களாலும் மாறி மாறித் தண்ணீரைத் தள்ளி நிற்க வேண்டிய ஆட்டத்தில், ஒரு பக்கம் பாதமே இல்லாமல் எட்டு வருட இடைவெளியில் மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள். விளையாட்டு வரலாற்றில் இதற்கு நிகரான கால்வேலை வேறு எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சரி, நீச்சல்? ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர் அல்லாத ஒருவர் மொத்தமாக நீந்தும் தூரம் ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். பயிற்சியில் நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நீந்துபவருக்கு இது பெரிய தூரமில்லை. ஆனால் அந்தத் தூரம் பத்து, பதினைந்து, இருபது மீட்டர் துண்டுகளாக வருகிறது, ஒவ்வொன்றும் முழு வேகத்தில். நடுவே ஓய்வு என்று பார்த்தால் மல்யுத்தம்தான். நீச்சல் போட்டியில் சுவரை உதைத்துத் திரும்பலாம், இங்கே குளத்தின் நடுவில் அசையாமல் கிடக்கும் உடம்பை வெறும் உதையால் முடுக்கி, சட்டென்று நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி முடுக்க வேண்டும். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை நான்கு மடங்கு.

போதாததற்குத் தலை எப்போதும் மேலே இருக்க வேண்டும். பந்து எங்கே, தன் ஆள் எங்கே என்று தெரியாமல் ஆட முடியாது. தலையைத் தூக்கினால் இடுப்பும் கால்களும் அமிழும், அமிழ்ந்தால் உடம்பு தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு போகும். கழுத்தும் கீழ்முதுகும் அந்தச் சுமையை ஆட்டம் முழுக்கத் தாங்குகின்றன. பந்தைக் கொண்டுபோகும்போது கையால் தொடுவதேயில்லை. முழங்கைகளை உயர்த்தி வீசி நீந்தும்போது மார்புக்கு முன்னால் எழும் அலையின் மேல் பந்து தானாக மிதந்து போகும், இரண்டு கைகளும் அதற்கு வேலி கட்டிக்கொண்டு போகும்.

இந்த ஆட்டத்தின் உண்மையான உலை கோலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவரை சென்டர் என்பார்கள். பெரும்பாலும் அணியிலேயே கனமானவர். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எதிரணியில் அவருக்கு இணையான பாரமுள்ள ஒருவர் பின்னாலிருந்து அவரை மறிப்பார். பந்து இன்னும் வெளிவட்டத்தில் கைமாறிக்கொண்டிருக்கும், இவர்கள் பக்கம் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கீழே என்ன நடக்கிறது தெரியுமா? சென்டர் தன் இடுப்பால் பின்னால் இருப்பவரின் தொடையை நெருக்கி, அவருடைய உதைக்கு இடமில்லாமல் செய்கிறார். பின்னால் இருப்பவர் முழங்காலை சென்டரின் முதுகில் வைத்து உயரம் தேடுகிறார். ஒரு கை நீச்சலுடையைப் பற்றுகிறது, இன்னொரு கை மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுக்கிறது. இரண்டு பேரின் நாடித்துடிப்பும் உச்சத்தில். பதினைந்து மீட்டர் வேகமாக நீந்தி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே ஒருவர் தலை முங்குகிறது. காற்று மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில் காற்று கிடைக்காது. பதறாமல் உதைத்து மேலே வந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே பறந்து வரும் பந்தைப் பிடிக்க வேண்டும்.

இதில் பலவும் விதிமீறல்தான். ஆனால் நடுவர்கள் கரையில் நடந்துகொண்டு பார்க்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நடப்பது அவர்கள் கண்ணில் படுவது குறைவு. அதோடு ஒரு விதி ஆட்டத்தையே வடிவமைக்கிறது: பந்தைக் கையில் பிடித்திருப்பவரை எதிராளி பிடிக்கலாம், இழுக்கலாம், அமிழ்த்தலாம். பந்தைப் பிடிக்காதவரை அப்படிச் செய்தால் தவறு. அதனால் அனுபவசாலிகள் எதிராளி மேலே விழும் நொடியில் பந்தை விட்டுவிடுவார்கள். பந்து ஒரு சாண் தள்ளி மிதக்கும், மேலே விழுந்தவர் மாட்டிக்கொள்வார், விசில் ஊதும். புதிதாக ஆடுபவர்கள் செய்வது நேர்மாறு. பதற்றத்தில் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், சட்டப்படியே முங்கவைக்கப்படுவார்கள். உடம்பின் இயல்பான பயத்தை அடக்கி, கையில் உள்ளதை நழுவவிடக் கற்றுக்கொள்ளப் பல மாதம் ஆகும்.

ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் வீரர்களின் விரல்நகங்களைப் பரிசோதிப்பதும், உடம்பில் எண்ணெய் பூசியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் இதனால்தான். தொப்பியில் காதுக்கு மேலே பிளாஸ்டிக் மூடி இருப்பதும் அழகுக்கில்லை. திறந்த உள்ளங்கையோ பந்தோ காதில் விழுந்தால் செவிப்பறை கிழியும்.

இப்போது இருப்பது சாந்தமான வடிவம் என்றுகூடச் சொல்லலாம். 1870-களில் பிரிட்டனில் உருவானபோது ஆட்டக்காரர்கள் பந்தோடு தண்ணீருக்கடியில் மறைவார்கள், கோல்கீப்பர் கரையில் நின்றுகொண்டு, நெருங்கி வருபவர் மேல் குதிப்பார். பின்னர் ஸ்காட்லாந்தில் நேர்ந்த விதித் திருத்தங்களும் ஹங்கேரியர்கள் வளர்த்த, பந்தைத் தண்ணீரில் படாமல் கைக்குக் கை எறியும் பாணியும் அதை வேகமான ஆட்டமாக மாற்றின. ஒலிம்பிக்கில் 1900-இல் சேர்ந்தது. ஹங்கேரி ஆண்கள் அணி இதுவரை 9 தங்கம் வென்றிருக்கிறது. செர்பியா 2016, 2020, 2024 என்று தொடர்ந்து மூன்று.

முரட்டுத்தனம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் 1956 டிசம்பர் 6-ஐ எடுத்துக்காட்டுகிறார்கள். மெல்பர்ன் ஒலிம்பிக், ஹங்கேரியும் சோவியத் ஒன்றியமும் மோதிய ஆட்டம். ஒரு மாதத்துக்கு முன்புதான் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கியிருந்தன. ஹங்கேரி 4–0 என்று முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில், ஹங்கேரியின் எர்வின் சாடோரை சோவியத் வீரர் வாலன்டின் புரோகோபோவ் முகத்தில் அடித்தார். கண்ணோரம் பிளந்து ரத்தம் வழிய அவர் குளத்திலிருந்து ஏறிய படம் உலகம் முழுக்கப் பரவியது. பார்வையாளர்கள் குளத்தோரம் வரை இறங்கிவிட, ஆட்டத்தை அத்துடன் நிறுத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் சாடோரால் ஆட முடியவில்லை. ஹங்கேரி யூகோஸ்லாவியாவை 2–1 என்று வென்றது. அந்த ரத்தத்துக்குக் காரணம் ஆட்டம் இல்லை, அரசியல். அதை வைத்து வாட்டர் போலோவை அளப்பது நியாயமில்லை. இந்த ஆட்டத்தின் கடுமை ஒரு குத்தில் இல்லை, யாரும் படம் பிடிக்காத அந்த ஓயாத உதையில் இருக்கிறது.

களைப்பு எப்படி கோலாக மாறுகிறது என்பதைப் பார்க்க ஆள் குறையும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய தவறு செய்பவரைச் சில நொடிகள் வெளியே அனுப்புவார்கள், பல ஆண்டுகளாக அது 20 நொடியாக இருந்தது. மூன்றாவது முறை வெளியேற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. அந்தச் சில நொடிகளுக்கு ஆறு பேர் தாக்க, ஐந்து பேரும் கோல்கீப்பரும் தடுக்க வேண்டும். ஐந்து பேரும் கைகளை வானுக்கு நீட்டி, தோள் வெளியே தெரிய எழும்பி நிற்பார்கள். பந்து இடமிருந்து வலம் போனால் எல்லோரும் சேர்ந்து அந்தப் பக்கம் சாய வேண்டும், மறுபடி இடம் போனால் இந்தப் பக்கம். எக்பீட்டர் அதன் முழு வேகத்தில் ஓடும் நேரம் இது. நான்காவது பகுதியில் இதே காட்சி வரும்போது கைகள் அதே உயரத்துக்கு எழுவதில்லை. முதல் பகுதியில் விரல்நுனியில் பட்டுத் தெறித்த ஷாட் இப்போது விரலுக்கு மேலே போய்விடும். தோற்ற அணிக்குத் திட்டம் தெரியாமல் இல்லை, கால்களில் அந்த நான்கு விரற்கடை உயரம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ராட்சத உடம்பு இருந்தால் போதுமா? ஸ்பெயினின் மனுவேல் எஸ்தியார்த்தே அதற்குப் பதில். 1.90 மீட்டரைத் தாண்டியவர்கள் நிறைந்த ஆட்டத்தில் அவர் 1.80-ஐக்கூடத் தொடாதவர். 1980 முதல் 2000 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் ஆடினார், அவற்றில் நான்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 1996 அட்லாண்டாவில் தங்கம். மல்யுத்தம் தொடங்குவதற்கு முன்பே அந்த இடத்தைவிட்டுப் போய்விடும் வேகமும், இருக்கும் உயரத்தை நல்ல காலால் கூட்டிக்கொள்ளும் திறமையும் அவரிடம் இருந்தன. எடையைக் கூட்டினால் சென்டரில் உதவும், ஆனால் அதே எடையை எதிர்த்தாக்குதலில் சுமந்துகொண்டு நீந்தவும் வேண்டும். பயிற்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கணக்கில்தான்.

உடம்பு இதற்குக் கொடுக்கும் விலை முதலில் தோளில் தெரியும். ஒரே மூட்டு, நீந்துவதற்கு ஆயிரக்கணக்கான சுழற்சிகள், அதன்மேல் எறிவது, அதன்மேல் எதிராளி பின்னால் இழுப்பது. நீச்சல்வீரருக்கு வரும் தோள்வலியும் எறியும் ஆட்டக்காரருக்கு வரும் தோள்வலியும் ஒரே ஆளுக்கு வருகின்றன. அடுத்தது இடுப்பும் முழங்காலின் உட்புறமும். எக்பீட்டர் உதையில் முழங்கால் திரும்பும் கோணம் நடப்பதற்கோ ஓடுவதற்கோ ஏற்பட்டதில்லை. தொடையின் உள்தசையில் பிடிப்பு, விரல் பிசகு, புருவத்தில் வெட்டு எல்லாம் சர்வசாதாரணம். கோல்கீப்பர்களுக்கும் சென்டர்களுக்கும் தலையில் அடிபடுவது பற்றி இப்போதுதான் அக்கறையோடு பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் சேகரித்த மருத்துவப் பதிவுகளைப் பார்த்தால், நீர் விளையாட்டுகளில் வாட்டர் போலோவில்தான் காயங்கள் அதிகம். இன்னொன்று வெளியே தெரியாதது: தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது உணர்வதில்லை. தாகம் எடுக்காமலேயே உடம்பில் நீர் குறைந்துவிடும்.

இவ்வளவும் பெண்களுக்கும் அப்படியே பொருந்தும். பந்து சற்றுச் சிறியது, மற்றபடி அதே ஆழம், அதே பிடி, அதே உதை. அப்படியிருந்தும் ஆண்கள் ஆடத் தொடங்கி 100 ஆண்டுகள் கழித்து, 2000 சிட்னியில்தான் பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்தது. அதற்காக ஆஸ்திரேலிய வீராங்கனைகள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அந்த முதல் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா அமெரிக்காவை 4–3 என்று வென்றது. ஆட்டம் முடிய 1.3 நொடி இருக்கும்போது யிவெட் ஹிக்கின்ஸ் எறிந்த பந்து உள்ளே போனது. முழு ஆட்டமும் எதிராளிகளைச் சுமந்த பிறகு, அந்தக் கடைசி நொடியில் உடம்பை உயர்த்தக் காலில் வலு வைத்திருந்தார் என்பதை அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்திலும் இதற்கு வரலாறு உண்டு, பலருக்குத் தெரியாது. 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் இந்தியா ஒலிம்பிக் வாட்டர் போலோ ஆடியது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமே வென்றது. 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாக் அந்த அணியிலும் இருந்தார். 1970-இல் வெள்ளி, 1982-இல் வெண்கலம். அதற்குப் பிறகு ஆண்கள் பதக்கம் பக்கமே போகவில்லை. சிங்கப்பூர் ஆண்கள் 1965 முதல் 2017 வரை தென்கிழக்காசியப் போட்டிகளில் ஒருமுறைகூட தங்கத்தை விட்டுக்கொடுத்ததில்லை. கொழும்பில் ராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் கிரிக்கெட்டைப் போலவே வாட்டர் போலோவிலும் ஆண்டுதோறும் மோதிக்கொள்கின்றன. பள்ளி மட்டத்தில் ஆட்டம் உயிரோடிருக்கும் ஊர் அது.

நம் பக்கத்தில் இந்த ஆட்டம் பரவாததற்குப் பணம், விளம்பரம் என்று காரணங்கள் பல சொல்லலாம். எனக்குப் பெரிதாகப் படுவது ஆழம். நீச்சல் கற்றுக்கொடுப்பதற்கென்று கட்டிய குளங்களில் ஒரு பக்கம் இடுப்பளவுதான் தண்ணீர் இருக்கும். அங்கே பந்தைக் கொடுத்தால் பிள்ளைகள் நின்றுகொண்டு எறிவார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கால் வேலையே செய்யாது. இரண்டு வருடம் கழித்து ஆழத்தில் இறக்கிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் அதனால்தான் கால்பயிற்சியில் தொடங்குகிறார்கள். கரையில் நாற்காலியில் உட்காரவைத்து உதையின் வடிவத்தைக் காட்டுவார்கள். பிறகு ஆழத்தில் கைகளைத் தண்ணீருக்குள் வைத்து, அப்புறம் மணிக்கட்டை வெளியே எடுத்து, அப்புறம் முழங்கை. அது பழகியதும் கைகளைத் தூக்கியபடியே குளத்தின் குறுக்கே போய்வர வேண்டும். கொஞ்சம் தேறியவர்களுக்குத் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தலைக்கு மேலே பிடிக்கக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும், பந்து எப்போது என்று கேட்பார்கள். கொடுத்துவிடலாம்தான். ஆனால் கால் உயர்த்தித் தராத உயரத்தைப் பிள்ளை தோளால் ஈடுகட்டப் பார்க்கும், முழங்கை தாழ்ந்து, தோள்மூட்டு மட்டும் தனியாகப் பந்தைத் தள்ளும். வளர்கிற வயதில் அப்படி ஒரு வருடம் எறிந்தால், பதினேழு பதினெட்டில் உண்மையான ஆட்டம் ஆட வேண்டிய நேரத்தில் அந்தப் பிள்ளை பிசியோதெரபி மேசையில் படுத்திருக்கும்.